வயது வரம்பு

எங்கள் துறைத் தலைவராக இருந்த மேடத்துக்கு ஒரு பழக்கம். காலையில் மற்றவர்கள் செய்தித்தாளை விரிக்கிற நேரத்தில், உலகத்தில் யார் யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பார். தனக்கல்ல, ஆராய்ச்சிக்கு. பொதுச் சுகாதாரம், சமூக நலம் என்று எதற்காவது எந்த ஊர்க்காரராவது ஆய்வு நிதி அறிவித்திருந்தால், கோயமுத்தூரில் அது முதலில் அவர் கண்ணில்தான் பட்டிருக்கும். கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, கணினி உயிர் பெறும்வரை மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருப்பார். கல்லூரி கொடுத்திருந்தது பழைய கணினி. அதனால் கண்ணாடி எப்போதும் பளிச்சென்று இருக்கும்.

நான் அதே சமூகப்பணித் துறையில் புள்ளியியல் நடத்துகிறவன். சமூகத்துக்குத் தொண்டு செய்யலாம் என்று வருகிற பிள்ளைகளுக்குப் புள்ளியியல் என்றாலே வேப்பங்காய். பாடம் நடத்துகிறவன் மட்டும் இனிப்பானா? துறையில் என்னைத் தேடி வருகிற ஒரே ஆள் மேடம்தான்.

"சார், ஒரு அறிவிப்பு வந்திருக்குதுங்க. நமக்குப் பொருந்தாதுங்க. ஆனா மாத்திப்போட்டுக்கலாம்."

இந்த ஒரு வார்த்தையில் அவரை முழுசாகச் சொல்லிவிடலாம். எதையும் முடியாது என்று சொல்லத் தெரியாது. மாத்திப்போட்டுக்கலாம். அவர் போகிற சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கு ஆண் குரல் குறைந்தால், ஆண்கள் வரிசையில் போய் நின்று தொண்டையைத் தாழ்த்திப் பாடுவார். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கொண்டு வருகிற கேக்கில் எனக்காக முட்டை இருக்காது, சர்க்கரை வியாதிக்கார கிளார்க்குக்காகச் சீனி பாதிதான் இருக்கும், முதல்வருக்கு ஒத்துக்கொள்ளாது என்று முந்திரியும் இருக்காது. இது கேக்தானா மேடம் என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"எல்லாரும் தின்னீங்கல்லங்க சார்? அப்ப கேக்குதான்," என்றார்.

சிரித்தோம். அன்று அதில் சிரிப்பதற்கு மட்டும்தான் விஷயம் இருந்தது.

அவர் எதற்காக இப்படித் தேடினார் என்று சொல்ல வேண்டும். அன்னூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ராமாத்தாள் என்று ஒரு பெண்மணி மாதம் ஒருமுறை எங்கள் துறைக்கு வருவார். நாற்பதைத் தாண்டியவர். பாவாடை சட்டை வயதிலேயே ஸ்பின்னிங் மில்லுக்குப் போனவர். பொதியாக வரும் பேல் பஞ்சை உடைத்து அடித்துச் சுத்தம் செய்கிற பகுதியை புளோரூம் என்பார்கள். தூசி அங்கேதான் அதிகம். அங்கேயே இளமை முழுவதும் போயிற்று. இப்போது எங்கள் துறை இருக்கிற முதல் மாடிக்கு ஏற, படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டும். வேலைக்கு ஆகமாட்டாள் என்று மில் நிறுத்திவிட்டது. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தான். அம்மாவுக்குப் பதிலாக மகள் கௌசல்யா அதே மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மேடம் அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரி வரிசையில். மாணவிகளைக் களப்பணிக்குக் கூட்டிப்போனபோது, ராமாத்தாள் சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தாராம். சீட்டில் 'ஆஸ்துமா' என்று எழுதியிருந்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஆஸ்துமா. பஞ்சுத் தூசியால் வந்தது என்று நிரூபித்தால் மில்லிடம் நஷ்டஈடு கேட்கலாம். ஒற்றைப் பெண்ணின் மூச்சை வைத்து நிரூபிக்க முடியாது. அவரைப் போலப் பல வருஷம் உழைத்த பெண்களை வரிசையாக அளந்து காட்டினால்தான் யாராவது காது கொடுப்பார்கள். ஊதச் சொல்லி மூச்சை அளக்க மெஷின் வேண்டும், டாக்டர் வேண்டும், ஊர் ஊராகப் போக வண்டி வேண்டும். அதற்குத்தான் நிதி.

ராமாத்தாளின் கணக்கு இதைவிட எளிது. "நஷ்டஈடு வந்துச்சுன்னா என்ற புள்ளைய மில்லுல இருந்து இழுத்துட்டு வந்து நர்சிங் சேத்திப்போடுவனுங்க டீச்சரம்மா. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. அவளும் இப்புடி மூச்சு வாங்கீட்டு நிக்கக் கூடாதுங்க." ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்துவார்.

பிறகு கேட்பார்: "கெடச்சுதுங்களா?"

"இன்னும் இல்லீங்க ராமாத்தா. அடுத்ததுக்கு மாத்திப்போட்டுக்கலாம்."

மாற்றினார். பருவநிலை மாற்றத்துக்கு ஒரு நிதி வந்தபோது பஞ்சுத் தூசி 'மாறிவரும் காற்றுச் சூழல்' ஆயிற்று. தாய் சேய் நலத்துக்கு வந்தபோது ராமாத்தாள் 'குழந்தை பெற்ற பெண் தொழிலாளி' ஆனார். செல்போன் செயலி மூலம் சுகாதாரம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. அதற்கு, மில் பெண்கள் தங்கள் இருமலைத் தாங்களே போனில் பதிவு செய்வார்கள் என்று எழுதினோம். ராமாத்தாளிடம் இருந்தது பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் மட்டும் தெரிந்த போன். எனக்கு எரிச்சலாக வரும். அதற்காக, எத்தனை பேரை அளக்க வேண்டும் என்ற மாதிரி அளவைக் கணக்கிடாமல் இருந்தேனா என்றால் இல்லை. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கணக்கிட்டுக் கொடுத்தேன். அவர் கேட்டு மறுக்க முடியாது.

ஒருமுறை கடைசிச் சுற்றுவரை போனோம். தில்லியில் இருந்த தேர்வுக் குழுவுடன் வீடியோவில் பேச வேண்டும். மேடம் அன்று பட்டுப் புடவை கட்டி வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஹாஸ்டலுக்கு மட்டும்தான். என் செல்போனில் குழுவைப் பிடித்து, மேடத்தை ஜன்னலோரம் வெளிச்சத்தில் நிற்க வைத்தேன். முகத்தில் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதி முகத்தோடு விடாமல் பேசினார். "இவர்களுக்கு நுரையீரல் ஏற்கெனவே கெட்டுவிட்டது. இனி இவர்களை ஆராய்ந்து என்ன பலன்?" என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது. மேடம் பதில் சொல்ல வாயெடுத்தபோது என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

என்ன பதில் சொல்லப் போனீர்கள் என்று பிறகு நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நிராகரிப்பு வந்தபோது அந்தக் கேள்வியே காரணமாக எழுதப்பட்டிருந்தது. மற்றவர்கள் நிராகரிப்பைக் குப்பையில் போடுவார்கள். மேடம் அதைப் பாடப் புத்தகம் மாதிரி படிப்பார். என்ன குறை சொல்லியிருக்கிறார்களோ அதை அடுத்த முறை சரி செய்ய வேண்டும். தப்பு தன்மேல்தான் என்று நம்புகிற ஜாதி.

அதற்குப் பின்புதான் இளம் தொழிலாளர்களுக்கான அறிவிப்பு வந்தது. பதினெட்டிலிருந்து இருபத்தொன்பது வயதுவரை. தடுப்பு, ஆரம்பத்திலேயே கண்டறிதல் என்று நல்ல நல்ல வார்த்தைகள். மேடம் என் அறைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சார், வயசைக் கொறச்சு மாத்திப்போட்டுக்கலாம்."

"மேடம், இந்த வயசுல ஒண்ணும் தெரியாதுங்க. பல வருசம் தூசியத் தின்னாத்தான் அளவுல தெரியும். அதுவுமில்லாம நோய் வந்தவ வேலைய உட்டுட்டு ஊட்டுக்குப் போயிர்றா. உள்ள இருக்கறவளை மட்டும் அளந்தா எல்லாம் நார்மல்னுதானுங்க வரும்."

"வரட்டுமுங்க. மொதல்ல மெஷின் உள்ள வரட்டும். மெஷின் வந்துருச்சுன்னா சின்னவங்கள அளந்துபோட்டு, மிச்ச நேரத்துல பெரியவங்களையும் ஊதச் சொல்லிக்கலாமுங்க. நம்ம மெஷின், நம்ம கை. யாரு கேப்பாங்க?"

"முட்டை, சீனி, முந்திரி எல்லாம் எடுத்தாச்சுங்க மேடம். இப்ப மாவையும் எடுக்கறீங்க."

அவர் சிரிக்கவில்லை. "எத்தன தடவைங்க சார் அந்தப் பொம்பள படியேறி வந்து கேக்கறது," என்றார். நான் கணக்கிட்டுக் கொடுத்தேன்.

கிடைத்துவிட்டது.

துறையே கொண்டாடியது. முதல்வர் வாசலில் பேனர் கட்டச் சொன்னார், கிளார்க் சீனி முழுதாகப் போட்ட கேக் வாங்கி வந்து தானும் ஒரு துண்டு தின்றார். செய்தி சொல்ல மேடமே அன்னூருக்கு பஸ் ஏறிப் போனார். ராமாத்தாள் கும்பிட்டு அழுதாராம். இந்தத் தடவை இளம் பிள்ளைகளுக்குத்தான், பெரியவங்களையும் பின்னாலேயே பார்த்துவிடலாம் என்று விளக்கிவிட்டு வந்ததாக மேடம் என்னிடம் சொன்னார். ராமாத்தாளுக்கு அதில் எது புரிந்தது, எது புரியவில்லை என்று எனக்குத் தெரியாது.

பெண்கள் தங்கியிருந்த மில் ஹாஸ்டலுக்குள் போக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். முடிவுகளைத் தங்களுக்கும் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கொடுத்தார்கள். நியாயம்தானே என்றார் மேடம். டாக்டர் ஒருவரையும் இரண்டு மாணவிகளையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஊத வைத்தோம். ஆழமா மூச்சை இழு கண்ணு, இப்ப ஊது, ஊது, ஊது, நிறுத்தாத, ஊது என்று மேடம் ஒவ்வொருத்திக்கும் கூடவே மூச்சுப் பிடித்து, சாயங்காலம் ஆனால் அவருக்கே தலை சுற்றும். வீட்டிலிருந்து வேனில் வந்துபோகிற கௌசல்யாவும் வரிசையில் வந்தாள். நல்ல உயரமான பெண். ஒரே ஊதலில் மெஷின் திரையில் கோடு மேலே ஏறிப் போயிற்று. ஒவ்வொருவருக்கும் டாக்டர் கையெழுத்தோடு சீட்டு கொடுத்தோம். அவள் சீட்டில் 'நார்மல்' என்று எழுதியிருந்தது. கிட்டத்தட்ட எல்லோர் சீட்டிலும் அதுதான்.

மிச்ச நேரத்தில் பெரியவர்களை அளப்பது என்பது நடக்கவில்லை. மெஷின் நம்முடையது இல்லை, நிதி கொடுத்தவர்களுடையது. வயதைப் போட்டால்தான் மெஷின் வேலை செய்யும், இருபத்தொன்பதுக்கு மேல் போட்டால் அதோடு வந்த மென்பொருள் பதிவை ஏற்கவில்லை. மேடம் ஒருநாள் ராமாத்தாளைத் துறைக்கே வரவழைத்து, இருபத்தொன்பது என்று போட்டு ஊதச் சொன்னார். கோடு எழுந்திருக்கவே இல்லை. தரையோடு தரையாகப் போய் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொய் வயது போட்ட அளவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் சொன்னது சரி. மேடம் அந்தப் பதிவை அழித்தார். ராமாத்தாள், "நல்லா ஊதுனனுங்களா?" என்று கேட்டார்.

"நல்லா ஊதுனீங்க ராமாத்தா."

ஆய்வு முடிந்தது. நிதி கொடுத்தவர்கள் வழவழப்பான அட்டையில் சுருக்கம் ஒன்று அச்சிட்டுத் தந்தார்கள். 'நூற்பாலைப் பெண் தொழிலாளர்களின் நுரையீரல் நலம்' என்று தலைப்பு. பெரும்பாலோருக்குப் பாதிப்பு இல்லை என்று முதல் வரி. வயது வரம்பு உள்ளே, சின்ன எழுத்தில். தலைப்பிலேயே வயதைப் போடச் சொல்லி மேடம் கேட்டுப் பார்த்தார், நீளமாகிறது என்றார்கள். சொன்ன சொல்படி மில்லுக்கும் பிரதி போயிற்று.

மில்மேல் ராமாத்தாள் போட்டிருந்த நஷ்டஈட்டு மனு கடைசியில் கோயமுத்தூரில் தொழிலாளர் துறை அதிகாரி முன் விசாரணைக்கு வந்தது. ஒரு இலவச சட்ட உதவி வக்கீல்தான் துணை. மேடம் சாட்சி சொல்லப் போனார், நானும் கூடப் போனேன். அதிகாரி நல்ல மனிதர். ராமாத்தாளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மில் வக்கீலும் மரியாதையான ஆள்தான். எழுந்து, எங்கள் வழவழப்பு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மேடம், இது நீங்க பண்ணின ஆராய்ச்சிதானுங்களே?"

"ஆமாங்க."

"எங்க கட்சிக்காரரு மில்லுலதானுங்களே பண்ணுனீங்க? பெரும்பாலோருக்குப் பாதிப்பு இல்லைன்னு நீங்களேதான எழுதியிருக்கீங்க?"

"அது சின்ன வயசுப் பிள்ளைகளுங்க. இருபத்தொன்பதுக்குள்ள. இவங்களாட்டம் ரொம்ப வருசம் வேலை செஞ்சவங்கள நாங்க பாக்கவே இல்லீங்க."

அதிகாரி நிமிர்ந்தார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அவங்களைத்தானுங்களே மேடம் மொதல்ல பாத்திருக்கோணும்? ஏன் பாக்கலீங்க?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டினார்.

"அதுக்குப் பணம் கெடைக்கலீங்க," என்றார்.

இதை எழுதிக்கொள்வதா வேண்டாமா என்று தட்டச்சு செய்கிறவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வேண்டாம் என்று கையசைத்தார். மனு தள்ளுபடி ஆகும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சில வாரத்தில் அப்படியே ஆயிற்று. எங்கள் ஆய்வு அதில் ஆதாரமாகச் சேர்ந்திருந்தது.

அன்று வெளியே வந்து மூவரும் ஒரு டீக்கடையில் நின்றோம். மேடம் டீயைத் தொடவில்லை. ராமாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சை வாங்கி வாங்கி ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு மேடத்தின் புறங்கையைத் தட்டினார்.

"வெசனப்படாதீங்க டீச்சரம்மா. எத்தன வருசமாத் தேடுனீங்க. உங்களுக்கு ஒண்ணாச்சும் கெடச்சுதே. எனக்கு அதுவே நெம்ப சந்தோசமுங்க."

நான் கோபக்காரன். யார்மேலாவது எரிந்து விழுந்தால் தேவலை என்றிருந்தது. யார்மேல் விழுவது? நிதி கொடுத்தவர்கள் தங்கள் விதிப்படி கொடுத்தார்கள். டாக்டர் பொய்க்குக் கையெழுத்துப் போடவில்லை. நான் போட்ட கணக்கில் ஒரு புள்ளி பிசகில்லை. மேடமோ, அந்தப் பெண்ணுக்காகத் தன்னால் வளைய முடிந்த அளவுக்கு வளைந்தார். வளைந்து வளைந்து போய்ச் சேர்ந்த இடம் அந்தப் பெண்ணுக்கு எதிர்ப்பக்கம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அதன்பின் மேடம் காலையில் கணினியைத் திறப்பதை விட்டுவிட்டார். அறிவிப்புகள் என் முகவரிக்கும் வரும்படி முன்பே செய்து வைத்திருந்ததால், எனக்கு மட்டும் வந்துகொண்டிருந்தன. நான் சொல்லிப் பார்ப்பேன். "நமக்குப் பொருந்தாதுங்க சார்," என்பார். அதோடு சரி. மீதி வார்த்தை வராது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் கேக் செய்யவில்லை, கடையில் வாங்கிக் கொடுத்தார். ஓய்வு பெற்றதும் ஈரோட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போன் செய்தால் எடுப்பார், துறைப் பேச்சு எடுத்தால் வைத்துவிடுவார்.

மேடம் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு ராமாத்தாள் இறந்துபோனார். செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு நானும் மேடமும் அன்னூர் போய், அங்கிருந்து ஒரு டவுன் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனோம். ஓட்டு வீட்டின் ஒற்றை அறை. அம்மாவின் படத்துக்குப் போட்ட மாலை காய்ந்திருந்தது. கௌசல்யா மில் யூனிஃபார்மில், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றாள். ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற நேரம்.

"உக்காருங்க மேடம். காப்பி வெக்கறனுங்க."

"வேண்டாங் கண்ணு. எங்க போட்டிருக்காங்க உன்னைய?"

"புளோரூமுங்க. அம்மா இருந்த எடந்தானுங்க. சம்பளம் கொஞ்சம் சேத்திக் குடுக்கறாங்க."

"நர்சிங்?"

அவள் சிரித்தாள். "அம்மா ஆசுபத்திரிக் கடனே கெடக்குதுங்க." பிறகு, எங்களைத் தேற்ற நினைத்தவள் மாதிரி, பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினாள். "அம்மா கடைசி வரைக்கும் என்னைய நெனச்சுப் பயந்துட்டே இருந்துச்சுங்க. நாந்தான் சொல்லுவனுங்க, மேடமே ஊதச் சொல்லிப் பாத்து சீட்டுக் குடுத்திருக்காங்க, நீ ஏன் வெசனப்படறேன்னு. எனக்கு நார்மல்தானுங்களே மேடம்?"

மேடம் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"உனக்கு இப்ப என்ன வயசு கண்ணு?"

"இருபத்தொண்ணுங்க."

வெளியே மில் வேன் ஹாரன் அடித்தது.

"இப்ப நார்மல்தான் கண்ணு," என்றார் மேடம்.

கௌசல்யா சீட்டை வாங்கி உறைக்குள் போட்டுப் பத்திரமாக உள்ளே வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வேனைப் பார்த்து ஓடினாள்.